முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க

வான்மதி குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா இறந்துபோன சேதி அவள் புருஷனுக்கு வந்தது.

வர்ஜீனியாவில், சுற்றிப் பார்க்க வந்த வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு ஓட்டல் அறை. நெடுஞ்செழியன் கண் விழித்து ஃபோனை எடுத்தால் மச்சினன் தீபக்கிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். ஊரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் அது நலம் விசாரிப்பு. இத்தனை தடவை கூப்பிட்டால் என்னவென்று அமெரிக்காவில் குடியிருக்கிற தமிழன் எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் மகள் வெண்பா போர்வைக்குள் கிடந்தாள். அவன் செருப்புகூடப் போடாமல் வெளியே போய், வராந்தாவில் ஐஸ் மெஷின் பக்கத்தில் நின்று கூப்பிட்டான்.

கருப்பசாமி வாத்தியார் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பேப்பர் கீழே விழுந்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கப் போன தீபக் அப்பாவைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவுதான் விஷயம். உடுமலைப்பேட்டையில் அப்போது சாயங்காலம்; வீட்டு வாசலில் பந்தல் போட ஆள் வந்தாகிவிட்டது. தீபக் வீடியோவில் ஒரு நிமிடம் காட்டினான். குளிர்பெட்டியின் கண்ணாடி ஆவி பிடித்திருந்தது. யாரோ துண்டால் துடைத்தார்கள். நெடுஞ்செழியன் மாமனாரைப் பார்த்தான், பார்க்க முடியாமல் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"அக்காகிட்ட இப்பச் சொல்லிப்போடாதீங்க மச்சான்," என்றான் தீபக். "ரோட்டுல வெச்சு வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பக்குவமாச் சொல்லுங்க. சின்னக்கா துபாய்ல இருந்து வரோணும். நாளைக்குக் காலைலதான் எடுக்கறோம்."

நெடுஞ்செழியனுக்கு அது நியாயமாகப் பட்டது. நமக்கெல்லாம் அது நியாயமாகத்தான் படும். சாவுச் சேதியைச் சாவுச் சேதியாக நாம் யாருக்குச் சொல்லியிருக்கிறோம்? 'கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா' என்போம். அவனுடைய அம்மா போனபோது அவனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நூவர்க்கில் விமானம் ஏறி, கோயம்புத்தூரில் இறங்குகிறவரை அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று வேண்டிக்கொண்டே போனான். வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்போது கோபம் வந்தது. பிற்பாடு யோசித்தபோது, வழியெல்லாம் அழாமல் போனது அவர்கள் கொடுத்த பிச்சை என்று தோன்றியது. அந்தப் பிச்சையை இப்போது பெண்டாட்டிக்குப் போட நினைத்தான்.

அவளால் ஊருக்குப் போகவும் முடியாது. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. நடுவில் வெளிநாடு போய்வர வாங்கியிருந்த அனுமதி தீர்ந்துபோய், புதுப்பிக்கக் கொடுத்ததற்கு இன்னும் பதில் இல்லை. இப்போது போனால் திரும்பி வரும் வழி அடைபட்டுப் போகும். ஆக, அப்பாவின் வாயில் அரிசி போட அவளுக்குக் கொடுப்பினை இல்லை. வீடியோவில் முகம் பார்க்கலாம். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். செத்த முகத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புவதும் கிடையாது. வான்மதியின் அம்மா செத்தபோது எவனோ சொந்தக்காரன் பிணத்தைப் படம் எடுக்க, கருப்பசாமி வாத்தியார் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் அந்தத் தைரியம் வராது.

நெடுஞ்செழியன் மனதுக்குள் திட்டம் போட்டான். அவனுக்கு அது கைவந்த வேலை. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவன் ரிலீஸ் மேனேஜர்; எந்த மாற்றத்தை எப்போது வெளியே விடுவது என்று அட்டவணை போடுகிறவன். ஏற்கெனவே பேசிவைத்தபடி காலையில் ஜேம்ஸ்டவுன் கோட்டை, மதியத்துக்குள் கிளம்பினால் இருட்டுவதற்குள் வெஸ்ட் வின்ட்சரில் வீடு. பக்கத்து வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டியை முன்கூட்டியே வரச் சொல்லி வைக்கலாம். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கும்போது சொல்லலாம். அப்புறம் வீடியோ போட்டு, அவள் அப்பாவை ஆசை தீரப் பார்த்துக்கொள்ளட்டும். நேராக வீட்டுக்கு ஓட்டிவிடலாமா என்றும் யோசித்தான். ஜேம்ஸ்டவுன் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று அடுத்த நொடி கேட்பாள். கேட்டால் அவனால் தாங்கமுடியாது.

இதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'கண்ணீர் அஞ்சலி' என்று மாமனாரின் படம் வந்துவிட்டது. அந்தப் படம் எதற்கு எடுத்ததோ, அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவன் அறைக்குத் திரும்பியபோது கட்டில் ஓரத்தில் சார்ஜில் கிடந்த வான்மதியின் ஃபோன் அதிர ஆரம்பித்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் அவன் அதை உருவி, சத்தத்தை அமர்த்தி, கார் நிறுத்தத்துக்கு ஓடினான். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி டயருக்குள் வைத்து, மேலே சாப்பாட்டுப் பெட்டியை வைத்து மூடினான்.

ஃபோனைக் காணோம் என்றதும் வான்மதி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நேற்று ராத்திரி சாப்பிட்ட இடத்தில்தான் விட்டிருப்பாய், நான் பேசிவிட்டேன், தபாலில் அனுப்புகிறார்களாம் என்று அவன் சரளமாகப் பொய் சொன்னான். ராத்திரி சார்ஜ் போட்டது போல ஞாபகம் இருக்கிறதே என்றாள். பிறகு, புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அவளுக்கு வருத்தம் ஃபோனுக்காக இல்லை.

"அப்பா காத்துட்டு இருப்பாருங்க," என்றாள்.

அது என்ன கதை என்றால், வாத்தியார் காலமெல்லாம் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவர். வெள்ளைக்காரன் கம்பெனி என்று பெயர் வைத்துக்கொண்டு துணி வாங்க வந்து, கடைசியில் நாட்டையே சுருட்டிய பாடத்தை எத்தனையோ செட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறார். இதயத்தில் ஆபரேஷன் ஆனதால் டாக்டர் அவரை விமானம் ஏற விடவில்லை. அதனால் மகள்தான் அவருக்கு அமெரிக்காவைச் சுற்றிக் காட்டினாள், ஃபோனில். பேத்தி ஐந்தாம் வகுப்பில் அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட பதின்மூன்று காலனிகள் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆரம்பித்ததும் தாத்தாவுக்கு உற்சாகம் கரைபுரண்டது. மாசச்சூசெட்ஸில், வெள்ளைக்காரர்கள் கப்பலிலிருந்து கால் வைத்த இடம் என்கிற பிளிமத் பாறையைக் காட்டியபோது, "இந்தக் கல்லுக்காடா இத்தனை அலம்பல்?" என்று கேட்டார். பிலடெல்பியா, பிரின்ஸ்டன் போர்க்களம் எல்லாம் ஆயிற்று. ஜேம்ஸ்டவுனுக்கு முதலில் வந்திறங்கியவர்களையும் லண்டனில் ஒரு கம்பெனிதான் அனுப்பியது என்று வெண்பா தன் கொழகொழத் தமிழில் வாசித்துச் சொன்ன அன்றைக்கு அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அங்கயும் கம்பெனிதானா, நானும் அவங்களப் பத்தி இத்தனை நாளு பேசியிருக்கேன், அந்தக் கோட்டையை நான் பார்த்தாகணும் என்றார்.

முந்தின நாள், காலனிக் காலத்து ஊராகவே வைத்திருக்கிற வில்லியம்ஸ்பர்க்கில் வெண்பாவைப் பழைய தண்டனைக் கட்டையில் தலையும் கையும் மாட்டி நிற்கவைத்து அவருக்குக் காட்டினார்கள். என் பேத்தியைப் பூட்டிட்டீங்களேடா என்று தாத்தா அங்கிருந்து சத்தம் போட, தொப்பியும் கோட்டுமாக வேஷம் கட்டியிருந்த வெள்ளைக்காரர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார். நாளைக்குச் சாயங்காலம் எங்கேயும் போகவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லித்தான் வைத்தார்.

சட்டையை யார் மாட்டினார்களோ.

ஜேம்ஸ்டவுன் தீவுக்குச் சதுப்பு நிலத்தின் மேல் போட்ட மரப்பாலத்தில் நடந்து போகவேண்டும். வெண்பா முன்னால் ஓடினாள். மே மாத வெயில் இதமாக இருந்தது. நெடுஞ்செழியனின் ஃபோன் பாக்கெட்டில் ஓயாமல் துடித்தது; துக்கம் கேட்கிற சொந்தக்காரர்கள். அவன் எடுக்கவில்லை. இவன் பேயறைந்தவன் மாதிரி நடந்து வருவதைப் பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று வான்மதி இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கோட்டைக்குள் போனதும் அவள் கை நீட்டினாள். அவன் ஃபோனில் அப்பாவைக் கூப்பிடவேண்டும். இங்கே சிக்னல் சரியில்லை, பேசிப் பதிவு பண்ணி அனுப்பிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்வார் என்றான். அவளிடம் கொடுப்பதற்கு முன் ஃபோனைத் திருப்பி, அழைப்போ சேதியோ வராதபடி ஃப்ளைட் மோடில் போட்டு, வாட்ஸ்அப்பில் மாமனாரின் பக்கத்தைத் திறந்துவைத்தான். பேசிக்கொண்டிருக்கையில் எவன் அனுதாபமாவது திரையில் வந்து விழுந்தால் என்னாவது?

ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, அவள் செத்துப்போன அப்பாவோடு பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, கேக்குதுங்களா? இதானுங்க நீங்க சொன்ன எடம். ஆறு எத்தாப் பெருசு பாருங்க. கரையோரமே ஆழமாம், கப்பலைக் கொண்டாந்து மரத்துலயே கட்டிட்டாங்களாம். கோட்டை கோட்டைன்னீங்க, வெறும் கட்டைங்கப்பா. வேலி மாதிரி நட்டு வெச்சிருக்காங்க. நம்ம பெரியப்பா வூட்டு மாட்டுப்பட்டி இதைவிடப் பலமா இருக்கும். நீங்க பாத்தீங்கன்னா சிரிப்பீங்க." ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "நேத்து இருமிட்டு இருந்தீங்களே, சளி தேவலைங்களா? ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க. நான் வூட்டுக்குப் போயி கூப்புடறேன்."

நெடுஞ்செழியன் பழைய செங்கல் தேவாலயத்தின் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான். அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஆபீசில் ஒரு பட்டனை அழுத்தவேண்டுமென்றாலும் இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்று அடம்பிடிக்கிறவன் அவன். அந்த ஃபோனை மட்டும் பழையபடி மாற்றி வைக்க மறந்துபோனான். துடிப்பு நின்றுவிட்டதை அவன் உணர்ந்தான். அப்பாடா, எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தான்.

மரவேலி ஓரமாக மரச்சிலுவைகள் வரிசையாக நின்றன. வந்திறங்கிய முதல் கோடையிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களின் குழிகள். பாதிப் பேருக்குப் பெயர் தெரியவில்லை. இவங்க வூட்டுல கப்பல் எப்பத் திரும்பி வரும்னு பார்த்துட்டே இருந்திருப்பாங்க, பாவம் என்றாள் வான்மதி. சேதி போய்ச் சேரவே மாசக்கணக்கு ஆகியிருக்கும் என்று, ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காக அவன் சொன்னான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அருங்காட்சியகத்துக்குள் கூட்டமில்லை. உடைந்த பானை, துருப்பிடித்த கத்தி, குழந்தை விளையாட்டுச் சாமான் என்று கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. பதினாலு வயசுப் பெண். பஞ்சம் தலைவிரித்தாடிய ஒரு குளிர்காலத்தில் செத்தவள். யார் பெற்ற பிள்ளை, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. மண்ணைத் தோண்டியபோது மண்டையோட்டின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஒட்டவைத்து, அளவெடுத்து, சதை இப்படி இருந்திருக்கும், கண் இப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு முகத்தைச் செய்திருந்தார்கள். ஒரு பெயரும் அவர்களாகவே வைத்திருந்தார்கள். வெண்பா அதைத் தன் ப்ராஜெக்ட்டுக்காக முணுமுணுவென்று வாசித்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனாள்.

வான்மதி நகரவில்லை.

"பாருங்களே," என்றாள். "நானூறு வருசம் கழிச்சும் இந்தப் புள்ளை மொகத்தை ஒருக்காப் பாத்துடோணும்னு ஆருக்கோ தோணியிருக்குது."

அந்த இடத்தில் நெடுஞ்செழியனுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. இவளுக்கு முகம்தான் வேண்டும். நாள் பூரா இவளிடமிருந்து நான் ஒளித்துக்கொண்டிருப்பது அதைத்தான். வீடாவது, பக்குவமாவது, ஷ்யாமளா ஆன்ட்டியாவது! இப்போதே சொல்லி, இப்போதே காட்டிவிடவேண்டும். அங்கே ராத்திரி ஆகியிருக்கும், பெட்டி பக்கத்தில் ஆள் குறைந்திருக்கும், தீபக்கிடம் சொன்னால் நிதானமாகக் காட்டுவான். முதலில் அவனிடம் பேசிவிட்டு வந்து சொல்வோம் என்று, பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. ஃபோனை எடுத்தான். திரை மேலே அந்தச் சின்ன விமானப் படம்.

அதை அணைத்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தவறிய வீடியோ அழைப்புகள், எல்லாம் தீபக். நடுவே அவன் பேசி அனுப்பிய குரல் துண்டுகள். நெடுஞ்செழியன் காதில் வைத்தான்.

"மச்சான், எடுங்க. சின்னக்காவுக்கு டிக்கெட் கெடைக்கலியாம். அப்பறம் ஆருக்காக நாளைக்கு வரைக்கும் வெக்கறதுன்னு பெரியப்பா கேக்கறாருங்க. ராத்திரியானாலும் இன்னைக்கே எடுத்தறலாங்கறாரு. மழை வேற புடிச்சுக்கிச்சு."

அடுத்தது. "மச்சான், இப்பவே எடுக்கறாங்க. அக்காகிட்டச் சொல்லிருங்க, பரவால்ல, சொல்லிருங்க. அக்கா பாக்கட்டும்."

அதற்கடுத்ததில் பறைச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிழக்குரல், முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க, முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க என்று கூவியது. தீபக் அழுதுகொண்டே பேசினான். "கொஞ்சம் நிறுத்தி வெச்சிருக்கேனுங்க மச்சான். ஆரையும் மூட விடாம நிக்கறேன். மழையில நிக்கறாங்க எல்லாரும். எடுங்க மச்சான்."

கடைசித் துண்டில் எடுத்துட்டோம் என்ற ஒரு சொல்தான் இருந்தது.

ஃப்ளைட் மோடில் தேங்கிக் கிடந்த வான்மதியின் பதிவும் அதே நேரத்தில் தானாகக் கிளம்பி அவள் அப்பாவின் எண்ணுக்குப் போய்விட்டது. நெடுஞ்செழியன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த இரண்டு குறியும் நீலமாயின. அப்பாவின் ஃபோனைத் தீபக் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறான் போலும். சுடுகாட்டில் மழைக்கு ஒதுங்கி நின்று, சளி தேவலையா என்று அக்கா கேட்டதை அவன் கேட்டிருப்பான்.

நெடுஞ்செழியன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் தயங்கி நின்று, பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பெண்டாட்டி வெளியே வந்து பார்த்தபோது அவன் எழுந்து நிற்க முயன்றான், முடியவில்லை. எந்தப் பக்குவமும் இல்லாமல் அவன் வாயிலிருந்து அது வந்தது.

"மதி, மாமா போயிட்டாரு. எடுத்தும் ஆச்சு."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. எந்த மாமா என்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான்; அடித்தால் தேவலை என்று இருந்தது. வெண்பா ஓடிவந்து, "வாட் ஹேப்பன்ட், அம்மா?" என்று கேட்டு மடியைப் பிடித்துக்கொண்டாள். வான்மதி மகளின் தலையில் கை வைத்துக்கொண்டே புருஷனை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது? காலையில் உங்களுக்குத் தெரியுமா? ஃபோன்? நான் ஆற்றங்கரையில் பேசிக்கொண்டிருந்தபோது தெரியுமா? அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"நீங்க மொகத்தைப் பாத்தீங்களா?"

"காலைல. ஒரு நிமிஷம்."

"எப்படி இருந்தாரு?"

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். ஆவி பிடித்த கண்ணாடி, துடைத்த துண்டு, நெற்றியில் ஒரு நாணயம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்திலும் அவன் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். தூங்குகிற மாதிரி இருந்தார் என்றான், எல்லோரும் சொல்வதைப் போல.

"மூக்குக் கண்ணாடி போட்டு உட்டிருந்தாங்களா? அது இல்லாட்டி அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே."

அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான், அவனும் சரியாகப் பார்க்கவில்லை. அவன் சொல்லாமலே அது அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அவள் அழுதாள், முந்தானை இல்லாத ஊரில் ஜாக்கெட்டின் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

மரப்பாலத்தில் திரும்பி வருகையில் வெண்பா இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். காரருகே வந்ததும், என் ஃபோனைக் கொடுங்க என்றாள் வான்மதி. அவன் டிக்கியைத் திறந்து, தயிர்சாதமும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்த பெட்டியைத் தரையில் இறக்கி, கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குள் கைவிட்டு அதை எடுத்தான். தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.

அதிலும் வரிசையாகத் தவறிய வீடியோ அழைப்புகள் இருந்தன. தீபக், தீபக், தீபக் என்று கீழே வரைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக வந்தது மட்டும் வேறு பெயரில் இருந்தது. எடுக்காமலே இருக்கிறாளே, இந்தப் பேரைப் பார்த்தாலாவது எடுப்பாள் என்று தீபக் நினைத்திருக்கவேண்டும்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரையைப் புருஷன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அப்பா கூப்புட்டிருக்காருங்க," என்றாள். "நான் எடுக்கலை."